தியாகமும் சம்மதமும்

ஒரு குடும்பம் புறப்பட ஆயத்தமாகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் ஏதோ ஒரு சிற்றூரிலே கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். கணவன் விமானி, விமான இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டவும் பழுது பார்க்கவும் கற்றவன். வர்த்தக விமானக் கம்பனி ஒன்றிற் சேர்ந்தால் நல்ல சம்பளம் பெறத்தக்கவன். அவனோ கிறிஸ்தவ மிஷன் ஒன்றின் சிறு விமானத்தை ஓட்டுதற்காகப் பப்புவா நியூகினியின் மலைநாட்டுக்குக் குடும்பத்தோடு செல்ல முடிவு செய்துவிட்டான். வீடு விலை கூறப்படுகின்றது. தளபாடங்கள் சுற்றத்தாரிடம் போகின்றன. மாதச் செலவுக்கான பணத்தைத் தாமே திரட்ட வேண்டியிருப்பதால், ஞாயிறுதோறும் ஒரு தேவாலயத்துக்குச் சென்று தம் நோக்கத்தை எடுத்துக்கூறி, மாதந்தோறும் இவ்வளவு தருவோம் என்ற வாக்குறுதிகளை அவர்கள் பெறுகின்றனர். குடும்பத்தின் படம் அச்சிட்ட சிறு அட்டையொன்று பலர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்படுகின்றது. அவ்வீட்டார் அதைப் பார்க்குந்தோறும் இவர்களுக்காகப் பிரார்த்தனை செய்வர். படத்திலே ஐந்து பேரும் சிரிக்கின்றனர். மூத்த பிள்ளைக்குப் பத்து வயது, கடைக்குட்டிக்கு இரண்டு.

இத்தகைய குடும்பங்கள் கற்பனையிற் பிறந்தவையல்ல. ஆண்டுதோறும் பல குடும்பங்கள் இவ்வண்ணம் புறப்படுகின்றன. இவர்களைப் பற்றி இருவகைக் கருத்துகள் நம்மிடையே எப்போதும் ஆயத்தமாக உள்ளன. பக்தர்கள் இவர்களைப் புனிதர் என்பர். முற்போக்காளராகிய நம்முட் சிலர், ஏகாதிபத்தியத்தின் ஏவலாளர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவர். இரு தீர்ப்புகளும் எளிதிற் கிடைப்பவை. ஆதலினாலேயே அவற்றை நாம் ஐயுறுதல் வேண்டும். இக்குடும்பம் துறப்பவை உண்மையான பொருள்கள். அது மேற்கொள்ளும் இடர் உண்மையான இடர். அதனை மறுப்பது நேர்மையன்று. ஆனால் அத்துறவின் முன்னே கைகூப்பி நின்றுவிடுவதும் சிந்தனையன்று. நாம் கேட்க விரும்பும் கேள்வி வேறு. ஒருவன் தன்னுடையதைத் துறந்து பிறர்க்கு உதவச் செல்லும்போது, அத்துறவு காரணமாக அவனுக்குப் பிறர்மீது ஏதேனும் உரிமை பிறக்கின்றதா? தியாகம் செய்தவனிடம், 'உன் உதவி எமக்கு வேண்டாம்' என்று சொல்லும் உரிமை பிறர்க்கு எஞ்சியிருக்கின்றதா?

இதனை ஆராயுமுன், விமானம் இப்பணிக்குள் வந்த வரலாற்றைச் சிறிது நோக்குவோம். இரண்டாம் உலகப் போரிலே விமானமோட்டிய கிறிஸ்தவர்கள் சிலர், போர் முடியும் தறுவாயில், அழிவுக்குப் பயன்பட்ட கருவியை ஊழியத்துக்குப் பயன்படுத்தலாமே என்று எண்ணினர். 1945இல் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் இதற்கெனச் சங்கங்கள் தோன்றின. 1946இல் அமெரிக்கச் சங்கத்தின் முதல் விமானத்தை மெக்சிக்கோவுக்கு ஓட்டிச் சென்றவர் பெற்றி கிறீன் என்னும் பெண்மணி. போர்க்காலத்திலே இராணுவத்துக்காக விமானமோட்டியவர் அவர். 1951இல் இவ்விமானப் பணி பப்புவா நியூகினியிலும் தொடங்கியது. இன்றும் அந்நாட்டின் தலைநகராகிய மோர்ஸ்பி துறைமுகத்திலிருந்து மலைநாட்டுக்கு ஊடறுத்துச் செல்லும் தெருப்பாதை கிடையாது. மலைச்சரிவிலே புல் வெட்டி அமைத்த ஒடுங்கிய ஓடுபாதைதான் பல கிராமங்களுக்குத் தெருவும் சந்தையும் வைத்தியசாலை வாசலுமாகும். பிரசவம் தடைப்பட்ட ஒரு பெண்ணைக் காவுதடியிற் கட்டி, ஆறு கடந்து மலை ஏறி, நாட்கணக்காகச் சுமந்து செல்ல வேண்டிய தூரத்தை ஒரு சிறு விமானம் அரைமணிக்குள் கடந்துவிடும். இந்த அரைமணியின் பெறுமதியை அறியாதவர் இப்பணியைப் பற்றிப் பேசத் தகுதியற்றவர்.

ஆயினும், அதே விமானத்திலேதான் போதகரும் வேதப் புத்தகமும் வருகின்றனர். இதனை மிஷன்கள் மறைப்பதில்லை. அதற்காகவே தாம் பறப்பதாக வெளிப்படையாகவே கூறுகின்றன. நோயாளியின் மதத்தைக் கேட்டு விமானமேற்றுவதில்லை என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளல் வேண்டும். எனவே இதனை வஞ்சகம் என்று சொல்ல இடமில்லை. பிரச்சினை வஞ்சகத்தில் இல்லை, நிலைமையில் இருக்கின்றது. ஒரு மலைக்கிராமத்துக்கு வெளியுலகின் ஒரே வாசல் ஒரு விமானமாக இருக்குமாயின், அவ்விமானத்தை ஓட்டுவோனின் சமயத்தை அக்கிராமம் எவ்வாறு வெறும் ஒரு கருத்தாக மாத்திரம் கேட்க இயலும்? அவன் எதையும் வற்புறுத்த வேண்டியதில்லை. அவன் வானத்திலிருந்து இறங்குகின்றான் என்பதே போதும்.

வானத்திலிருந்து இறங்கும் உதவியின் வரலாற்றிலே மிகவும் அறியப்பட்ட நிகழ்ச்சி தென்னமெரிக்காவின் எக்குவடோர் நாட்டில் நடந்ததாகும். அந்நாட்டின் கீழைக் காட்டோரத்தில் ஷெல் என்றோர் ஊர் உண்டு. எண்ணெய் தேடி வந்த ஷெல் கம்பனி அங்கே தளமும் விமான ஓடுபாதையும் அமைத்தமையால் அப்பெயர் வந்தது. கம்பனி 1940களின் இறுதியில் விலகிச் சென்றது, ஓடுபாதை எஞ்சியது. அவ்வோடுபாதையைத் தளமாகக் கொண்டு 1948 முதல் மிஷன் விமானமோட்டியவர் நேற் செயின்ற். எண்ணெய்க் கம்பனி இட்ட பாதையிலே சுவிசேஷம் எழுந்து பறந்தது என்று நாம் கூறினால், அது மிஷனரிமாரை இழிவுபடுத்தக் கூறியதன்று. கருவிகளுக்கும் ஒரு பிறப்பு வரலாறு உண்டு என்பதை நினைவூட்டவே கூறினோம்.

அக்காட்டின் உள்ளே வவோரானி மக்கள் வாழ்ந்தனர். அயலவர் அவர்களை 'அவுக்கா' என்றனர். கெச்சுவா மொழியில் அதற்குக் காட்டுமிராண்டி என்பது பொருள். வெளியாரை அவர்கள் ஈட்டியால் எதிர்கொண்டனர். தமக்குள்ளும் பழிக்குப் பழியாக மாண்டனர். இறப்பர் சேகரிக்கும் காலத்திலே வெளியார் அக்காடுகளில் நடத்திய ஆட்பிடிப்பையும் கொலையையும் கருதினால், அவர்களது அச்சம் காரணமற்றதென்று எவரும் கூறார். 1955இன் இறுதி மாதங்களில் செயின்ற் தம் நுண்ணறிவாற் கண்டறிந்த ஓர் உத்தியைக் கையாண்டார். விமானம் மேலே வட்டமிட, நீண்ட கயிற்றின் நுனியிற் கட்டிய கூடை கீழே ஏறக்குறைய அசையாது நிற்கும். அக்கூடையிலே கேத்தில், வெட்டுக்கத்தி, துணி முதலியன கிராமத்தில் இறக்கப்பட்டன. சில வாரங்களின் பின் வவோரானி மக்களும் அதே கயிற்றிலே பரிசுகள் கட்டி அனுப்பினர். அவற்றுள் உயிருள்ள கிளியொன்றும் இருந்தது. கொடுத்தவர்க்கு அது நட்பின் அடையாளமாகத் தோன்றியது. ஆனால் அக்கயிற்றின் மேல்நுனியில் இருந்த திட்டம் என்ன என்பது கீழ்நுனியில் நின்றவர்க்குத் தெரியாது. அவர்கள் கிளி கொடுத்தது கத்திக்குப் பதிலாகவே. தம் வாழ்க்கைக்குப் பதிலாக அன்று.

1956 ஜனவரி 3ஆந் திகதி விமானம் கூராராய் ஆற்றின் மணற்றிட்டில் இறங்கியது. 8ஆந் திகதி செயின்றும் அவருடன் சென்ற நால்வரும் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டனர். அவர்களிடம் துப்பாக்கி இருந்தது. ஆயினும் தம்மைக் காக்க வவோரானியரைக் கொல்வதில்லை என்று அவர்கள் முன்னரே தீர்மானித்திருந்தனர். இந்தத் தீர்மானத்தின் முன்னே நாம் தலைவணங்குகின்றோம். நாகரிகம் பேசும் நாடுகளின் படைகள் அதே நூற்றாண்டிலே செய்தவற்றை நினைத்தால், இது சிறிய காரியமன்று. ஐந்து பெண்கள் விதவைகளாயினர். ஜிம் எலியட் என்பவரின் மகளுக்கு அப்போது ஒரு வயதுகூட நிரம்பவில்லை. இரண்டாண்டுகளின் பின் அம்மகளையும் தூக்கிக்கொண்டு தாய் எலிசபெத் எலியட், செயின்றின் தமக்கை றேச்சலுடன், தம் கணவனைக் கொன்றவர்களிடையே வாழச் சென்றார். பழிவாங்கல் அறம் என்று பழகிப்போன மக்களுக்கு இது பெருவியப்பை அளித்தது. பழிக்கொலைகள் பெரிதும் குறைந்தன. வவோரானியர் பலர் இதனை நன்றியோடு கூறுவர். அதனை மறைத்து வரலாறு எழுதுவது நமது நேர்மைக்கு இழுக்காகும்.

ஆனால் கதை அங்கு முடியவில்லை. மிஷன் மேடைகளிற் கூறப்படும் கதை பெரும்பாலும் அங்கு முடிந்துவிடுகின்றது. 1967இல் வட எக்குவடோரின் காட்டிலே அமெரிக்கக் கம்பனியொன்று எண்ணெய் கண்டது. அதன்பின் எண்ணெய் ஆய்வு நடந்த நிலங்களிலிருந்து வவோரானிக் குழுக்கள் பல, மிஷனின் பராமரிப்பிலிருந்த சிறு பிரதேசமொன்றுக்கு வந்துசேருமாறு செய்யப்பட்டன. சிதறி வாழ்ந்த குழுக்களைத் தேடிக் கண்டுபிடித்தது விமானமே. ஈட்டிகளுக்கும் எண்ணெய்க் கம்பனிக்கும் இடையே அம்மக்களைக் காத்தோம் என்பது மிஷனின் கூற்று. நிலம் வெறுமையானது என்பது அதன் பயன். நெருங்கி வாழ்ந்த இடத்திலே 1969இல் இளம்பிள்ளைவாத நோய் பரவியது. பலர் இறந்தனர், பலர் முடமாயினர். ஐந்து மிஷனரிமாரும் எண்ணெய்க்காக இறக்கவில்லை. அவர்களது தியாகம் தூயது. ஆயினும் தூய தியாகம் திறந்த பாதை வழியே யார் யார் நடந்து செல்வர் என்பதைத் தியாகி தீர்மானிப்பதில்லை. உள்ளத்தூய்மையை மாத்திரம் கொண்டு ஒரு செயலை மதிப்பிடும் ஒழுக்கவியலின் குறைபாடு இங்குதான் புலனாகின்றது.

வவோரானியர் 1956இல் ஈட்டியாற் சொன்னது ஒரு மறுப்பு. கொடிய மறுப்பு, நாம் அதனை நியாயப்படுத்தவில்லை. ஆனால் அன்று அவர்களிடம் வேறு மறுப்புமொழி இருக்கவில்லை என்பதைக் கருதல் வேண்டும். 2019 ஏப்ரிலில் அதே மக்கள் வேறொரு மொழியிற் பேசினர். ஷெல் ஊரின் ஓடுபாதையிலிருந்து சில மைல் தூரத்திலுள்ள புயோ நகரிலே, தம் காட்டை எண்ணெய்க்காக ஏலம்விட அரசு எடுத்த முயற்சிக்கு எதிராக அவர்கள் வழக்காடினர். 2012இல் அரசு நடத்திய கலந்தாலோசனை முறையானதன்று, அம்மக்களின் சம்மதம் உரியவாறு பெறப்படவில்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறக்குறைய ஐந்து இலட்சம் ஏக்கர் காடு அத்தீர்ப்பினாற் காக்கப்பட்டது. மணற்றிட்டிலிருந்து நீதிமன்றம் வரை அவர்கள் நடந்த அறுபத்துமூன்று ஆண்டுப் பாதையிலே, மிஷன் பள்ளியிற் கற்ற எழுத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்று எவரேனும் கூறின், நாம் மறுக்கமாட்டோம். நல்ல ஆசிரியன் கொடுத்த எழுத்து, ஆசிரியன் எண்ணாத வசனங்களையும் எழுதவல்லது.

இனி, கயிற்றின் மேல்நுனிக்கு வருவோம். சம்மதம் கேட்கப்படாதோர் காட்டில் மாத்திரம் இல்லை. புறப்படும் வீட்டுக்குள்ளும் இருக்கின்றனர். அட்டையிற் சிரிக்கும் மூன்று பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை. 2001 ஏப்ரில் 20ஆந் திகதி பெரு நாட்டின் வான்படை, அமெசன் நதியின் மேலே பறந்த மிஷன் விமானமொன்றைப் போதைப்பொருள் கடத்தும் விமானம் எனக் கருதிச் சுட்டது. அமெரிக்க உளவுத்துறையின் துணையோடு நடந்த வான் கண்காணிப்பிலே அவ்விமானம் குறிவைக்கப்பட்டது. ஒரு தாயும் அவர் மடியிலிருந்த ஏழு மாதக் குழந்தையும் இறந்தனர். அத்தாய் தன் உயிரைத் தன் நம்பிக்கைக்காகக் கொடுக்க ஒருப்பட்டிருக்கலாம். ஏழு மாதக் குழந்தை எதற்கு ஒருப்பட்டது?

இது தற்செயலாக நேர்ந்த விபரீதம் எனலாம். தற்செயல் அல்லாத ஒன்றையும் கூறுவோம். மேற்கு ஆபிரிக்காவின் கினி நாட்டில், மாமு என்னும் ஊரிலே மிஷனரிமாரின் பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையொன்று 1971 வரை நடந்தது. அங்கே பிள்ளைகள் பலர் அடிக்கப்பட்டனர். இன்னும் கொடிய துன்பங்களுக்கும் ஆளாயினர். வளர்ந்த பின்னர் அவர்கள் இடைவிடாது வற்புறுத்தியதன் பேரில், சுயேச்சையான ஆணைக்குழுவொன்று 1990களிலே விசாரித்து அதனை உறுதிப்படுத்தியது. பெற்றோருக்கு ஏன் எழுதவில்லை என்ற கேள்விக்கு அப்பிள்ளைகளின் விடைதான் நம்மைத் திடுக்குறச் செய்வது. கடிதங்களைப் பெரியவர்கள் பார்வையிட்டனர். அன்றியும், முறையிட்டால் பெற்றோரின் ஊழியம் கெடும், அதனால் ஆன்மாக்கள் இரட்சிப்பை இழக்கும் என்று அவர்கள் நம்பவைக்கப்பட்டிருந்தனர். எட்டு வயதுப் பிள்ளையின் தோளிலே ஒரு கண்டத்தின் இரட்சிப்பைச் சுமத்தியபின், அப்பிள்ளை எவ்வாறு வாய் திறக்கும்? பெற்றோரின் தியாகம் எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு ஆழமாகப் பிள்ளையின் குரல் புதையுண்டது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழக்கூடும். எந்தப் பெற்றோர்தாம் பிள்ளைகளின் சம்மதம் கேட்டு வாழ்கின்றனர்? மத்திய கிழக்குக்கு வீட்டுவேலைக்குச் செல்லும் நம் தாய்மார் பிள்ளைகளைக் கேட்டா செல்கின்றனர்? கேட்டுச் செல்வதில்லை, அவர்களைத் துரத்துவது வறுமை. ஆனால் தேர்ந்து செல்பவர்க்கு, துரத்தப்பட்டுச் செல்பவரைவிடப் பொறுப்பு அதிகம். சிறு பிள்ளையிடம் முழுச் சம்மதம் பெறுதல் இயலாதென்பது மெய்யே. ஆகவே நாம் கேட்பது கையொப்பமன்று. 'எனக்கு இங்கு முடியவில்லை' என்று பிள்ளை சொல்லுமாயின் அச்சொல்லைக் கேட்கும் ஒரு காதும், திரும்பிச் செல்லும் ஒரு வழியும் இருத்தல் வேண்டும். திரும்பிச் செல்வது தோல்வி, விசுவாசக்குறைவு, பணம் தந்தோர்க்குச் செய்யும் துரோகம் என்றெல்லாம் ஆகிவிட்ட குடும்பத்திலே அவ்வழி அடைபட்டுவிடுகின்றது. இக்காலத்து மிஷன்கள் பல வீட்டிலிருந்து கற்பித்தலுக்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் முன்னையினும் கவனம் செலுத்துகின்றன. மாமுப் பிள்ளைகள் போன்றோர் வாய் திறந்தமையே அதற்கு ஒரு காரணம். சீர்திருத்தம் தியாகிகளிடமிருந்து வரவில்லை. தியாகத்துக்கு உட்படுத்தப்பட்டோரிடமிருந்து வந்தது.

ஈழத்துத் தமிழராகிய நாம் இவ்விஷயத்தை வெளியே நின்று பார்ப்பவர்களல்லர். நாம் கயிற்றின் கீழ்நுனியில் நின்ற சமுதாயம். 1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் இறங்கினர், விமானமில்லை, பாய்க்கப்பல். வட்டுக்கோட்டைச் செமினரி 1823இலும் உடுவில் மகளிர் பாடசாலை 1824இலும் தோன்றின. 1847இல் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார், ஆக்குவித்தார். 1873இல் அவர் தாயகம் திரும்பியபோது, தமிழிற் கற்ற வைத்தியர்கள் இங்கே எஞ்சினர். ஒரு வைத்தியன் தானே ஆயிரம் பேருக்குச் சிகிச்சை செய்வது தொண்டு; தான் போன பின்னும் சிகிச்சை நடக்குமாறு செய்வது அதனினும் உயர்ந்த தொண்டு. கிறீனும் மதமாற்றத்தை விரும்பியவரே. ஆனால் அவர் கொடுத்தது கொடுத்தவனைச் சாராமல் வாழவல்ல கொடையாயிற்று.

நமது சமுதாயம் மறுக்கவும் செய்தது. பேர்சிவல் பாதிரியாருடன் வேதாகமத் தமிழாக்கத்தில் உழைத்த ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப் பாடசாலை நிறுவினார். பாடசாலை, அச்சுக்கூடம், பிரசங்க மேடை ஆகிய மிஷனின் கருவிகளையே எடுத்து, மிஷனின் சமயத்துக்கு 'வேண்டாம்' என்றார். எழுத்தை ஏற்று மதத்தை மறுத்த இச்செயலை நாம் பெருமையாகக் கூறுகின்றோம். ஆயின், அம்மறுப்பு யாருக்குச் சாத்தியமாயிருந்தது என்ற கேள்வியை அப்பெருமை பெரும்பாலும் கேட்பதில்லை. நிலமும் கோவிலும் கல்வியும் உடையோர்க்குச் சாத்தியமாயிருந்தது. சைவப் பாடசாலையின் வாசல் அடைக்கப்பட்டிருந்த ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைக்கு மிஷன் பாடசாலையை விட்டால் வேறு திண்ணை இருக்கவில்லை. அப்பிள்ளை ஞானஸ்நானம் பெற்றது என்றால், அதனை மிஷன் வாங்கிவிட்டது என்று குற்றஞ்சாட்டுமுன், அதனை நாம் விற்றுவிட்டோம் என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

இதிலிருந்து பெறப்படும் உண்மை யாதெனில், 'வேண்டாம்' என்பது வெறும் சொல்லன்று. அதற்குப் பொருளியல் அடிப்படை ஒன்று வேண்டும். மாற்றுவழி உடையவனே மறுக்க வல்லவன். மாற்றுவழி அற்றவனது சம்மதம் பாதிச் சம்மதமே. மலைக்கிராமத்திலே அரசின் வைத்தியசாலையும் தெருவும் பொதுவிமானமும் இருக்குமாயின், மிஷன் விமானியும் போதகரும் விருந்தாளிகளாக வருவர். அவர்கள் கூறுவதைக் கிராமத்தார் கேட்பர், ஏற்பர், அல்லது மறுப்பர். அவை இல்லாதவிடத்து அவர்கள் விதியாக வருகின்றனர். இதிலே பெருங்குற்றம் பறந்து வருபவனுடையதன்று. அவன் மட்டுமே வரும்படி விட்டுவைத்த ஆட்சியினுடையது. ஆனால் பறந்து வருபவனுக்கும் ஒரு கடமை உண்டு. தான் இன்றியமையாதவனாக இருப்பதிலே இன்பங் காணாது, தான் வேண்டாதவனாகும் நாளுக்காக உழைப்பதே அக்கடமை. அம்மலையிற் பிறந்தவனை விமானியாக்குதல், பழுதுபார்ப்பவனாக்குதல், ஓடுபாதை யாருடையது என்பதைக் கிராமம் தீர்மானிக்க விடுதல் ஆகியன அதில் அடங்கும்.

இவ்வளவும் கூறியபின் நம்மை நோக்கி ஒரு விரலை நீட்டாது விடுவோமாயின், இக்கட்டுரை பொய்யாகும். நம் வாசகருட் பலர் ஆசிரியர்கள், நாமும் ஆசிரியரே. அதிகஷ்டப் பிரதேசப் பாடசாலைக்கு இடமாற்றக் கடிதம் வரும்போது நாம் செய்வது யாது? பிள்ளைகளின் படிப்பு கெடும் என்கின்றோம். சிபார்சு தேடி அலைகின்றோம். வன்னியின் ஓரத்திலோ மலைநாட்டுத் தோட்டத்திலோ கணிதத்துக்கு ஆசிரியரின்றி ஒரு வகுப்பு இருக்க, நகரத்துப் பாடசாலையில் அமர்ந்து சமத்துவம் பற்றிப் பேசுகின்றோம். அந்த அமெரிக்க விமானி ஒரு வகையில் நம்மை வெட்கப்படச் செய்கின்றான். அவன் தன் பிள்ளைகளைத் தியாகத்தின் காணிக்கையாக்குகின்றான் என்று நாம் குறை கூறினோம். நாம் நம் பிள்ளைகளைத் தியாகத்துக்கு எதிரான கேடயமாக்குகின்றோம். இரண்டிலும் பிள்ளை கேட்கப்படவில்லை. இரண்டிலும் தொலைவிலுள்ள கிராமமும் கேட்கப்படவில்லை. அவன் சென்று தவறக்கூடும். நாம் செல்லாமலே தவறிவிட்டோம். தோட்டப் பாடசாலையிலே நாம் விட்டுவைத்த வெற்றிடத்தை நாளை ஏதேனும் ஒரு மதச்சபையோ கம்பனியின் தருமநிதியோ நிரப்பும்போது, அதனைக் கண்டித்துக் கட்டுரை எழுத நமக்கு என்ன உரிமை?

இன்னொன்றும் சொல்ல வேண்டியுள்ளது. தியாகத்தின் அளவைக் கொண்டு நியாயத்தை அளக்கும் பழக்கம் மிஷனுக்கு மாத்திரம் உரியதன்று. 'நாங்கள் இத்தனை உயிர்களைக் கொடுத்தோம், எங்களைக் கேள்வி கேட்க நீ யார்?' என்ற வாசகத்தைக் கொள்கைக்காக நின்ற இயக்கங்கள் பலவும் பேசியுள்ளன. இந்நாட்டிலே பிறந்து வளர்ந்த எவருக்கும் இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. மக்களுக்காக இறந்தவர் பெயரால் மக்களின் வாய் அடைக்கப்படுமாயின், அங்கே மக்களும் இல்லை, இறந்தவருக்கு மரியாதையும் இல்லை. தியாகம் நம் மதிப்பைப் பெறுகின்றது. அது உரிமைப் பத்திரம் ஆகாது.

புறப்படும் குடும்பத்தினிடம் மீள்வோம். பெட்டிகள் கட்டப்பட்டாயிற்று. தடுப்பூசிகள் போடப்பட்டாயிற்று. கணவன் சரிவான ஓடுபாதையில் இறங்கப் பயின்றுவிட்டான். மனைவி தொக் பிசின் மொழியிலே சில வாக்கியங்கள் கற்றுவிட்டாள். அவர்களை நாம் தடுக்கவில்லை, பரிகசிக்கவும் இல்லை. பிரசவ வேதனையில் ஓடுபாதையோரம் காத்திருக்கும் அப்பெண்ணுக்கு அவர்கள் விரைந்து செல்லவே வேண்டும். ஆயின், அவர்கள் கற்கும் அந்த மொழியிலே 'வா', 'நன்றி', 'ஆமென்' என்பனவற்றுக்கு முன்னே 'வேண்டாம்' என்பதற்குரிய சொல்லைக் கற்றுக்கொள்ளட்டும். பிறர் வாயிலிருந்து அது எவ்வளவு மெல்லிய குரலில் வரினும் கேட்கப் பழகட்டும். தம் மூத்த பிள்ளை இராச் சாப்பாட்டின்போது அதனைச் சொல்லுமாயின், அப்போதும் கேட்கட்டும்.

நமது இடமாற்றக் கடிதம் மேசையில் இருக்கின்றது. அதனையும் எடுத்துப் பார்ப்போம்.